போர்ட் பிளேரில் ரூம் போடுமுன்: வேலூர்க்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

வேலூரில் லாட்ஜ் என்றால் நமக்கு ஒரு கணக்கு உண்டு. சி.எம்.சி.யைச் சுற்றி, காந்தி ரோட்டிலும் பாபு ராவ் தெருவிலும், பல இடங்களில் 24 மணி நேரக் கணக்குதான். மாலை நாலுக்குச் சாவி வாங்கினால் மறுநாள் மாலை நாலு வரை ரூம் உங்களுடையது. இதே கணக்கோடு அந்தமானில் போய் இறங்குகிறவர்கள்தான் ரிசப்ஷனில் முதலில் குரலை உயர்த்துகிறார்கள். போர்ட் பிளேரில் காலை எட்டுக்கும் ஒன்பதுக்கும் ரூமைக் காலி செய்யச் சொல்லும் ஹோட்டல்கள் நிறைய. இதில் திமிர் ஒன்றும் இல்லை. அந்த ஊர் விமானமும் படகும் வைத்த நேரத்தில் ஓடுகிறது, ஹோட்டலும் கூடவே ஓடுகிறது. இதைப் புரிந்துகொண்டு புக் செய்தால் பாதித் தொல்லை வீட்டிலேயே தீர்ந்துவிடும்.

கீழே சொல்வதெல்லாம் ஒரு நாளைக்குச் சுமார் 2,500 முதல் 5,000 ரூபாய் வரை வாடகை உள்ள, ஏ.சி., லிஃப்ட், ரெஸ்டாரன்ட் எல்லாம் இருக்கிற நடுத்தர ஹோட்டலுக்கு. கடற்கரை ரிசார்ட்டின் கதை வேறு.

பெயர்க் குழப்பத்தை முதலில் தீர்த்துவிடுவோம். போர்ட் பிளேர் 2024 செப்டம்பரிலிருந்து ஸ்ரீ விஜயபுரம். ஹேவ்லாக், நீல் தீவுகள் 2018 டிசம்பரிலிருந்து ஸ்வராஜ் தீவு, ஷாஹித் தீவு. புக்கிங் தளங்களில் இரண்டு பெயர்களும் கலந்துதான் கிடக்கும். ஒன்றில் தேடி ரூம் இல்லையென்றால் மற்றதையும் போட்டுப் பாருங்கள்.

1. முதலில் தேதி, அடுத்து படகு, கடைசியில் ரூம்

பெரும்பாலானவர்கள் தலைகீழாகச் செய்கிறார்கள். ஹோட்டல் படம் நன்றாக இருக்கிறதென்று ரூமைப் போட்டுவிட்டு, அப்புறம் விமானம் தேடி, கடைசியில் ஹேவ்லாக் படகுக்கு டிக்கெட் இல்லை என்று அலைவார்கள். வரிசை இதுதான்: விமான டிக்கெட், தீவுக்குப் போகவும் வரவும் படகு டிக்கெட், பிறகு அந்தந்த இரவுக்கு ரூம்.

மாதத்தைப் பொறுத்தவரை டிசம்பர் முதல் ஏப்ரல் வரை கடல் ஓரளவு அமைதியாக இருக்கும். மே நடுவிலிருந்து தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும். அப்போது வாடகை இறங்கும், படகு ரத்தாவதும் கூடும். கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரையும், துர்கா பூஜை விடுமுறையிலும் ரூம் கிடைப்பது கஷ்டம், கிடைத்தாலும் விலை ஏறியிருக்கும். கொல்கத்தாவிலிருந்து வரும் கூட்டத்தை நாம் இங்கிருந்து கணக்கில் எடுப்பதில்லை. ஆயுத பூஜை லீவில் போகலாம் என்று நினைக்கிறவர்கள் குறிப்பாக மாட்டிக்கொள்வது இதில்தான்.

ஐந்து இரவு என்றால் பிரித்துக்கொள்ள நல்ல வழி: முதல் இரண்டு இரவு போர்ட் பிளேர், அடுத்த இரண்டு ஹேவ்லாக், கடைசி இரவு மறுபடி போர்ட் பிளேர். அந்தக் கடைசி இரவைச் சேமிக்கப் பார்க்காதீர்கள். காலைப் படகில் ஹேவ்லாக்கிலிருந்து வந்து அதே நாள் விமானத்தைப் பிடிக்கலாம் என்று திட்டம் போட்டால், கடல் கொஞ்சம் முறைத்தாலே விமான டிக்கெட் போய்விடும். ஒரு ராத்திரி வாடகை அதைவிட மலிவு. முதலிலும் கடைசியிலும் ஒரே ஹோட்டலாகப் போட்டால் இன்னொரு லாபம். ஹேவ்லாக் போகும்போது பெரிய பெட்டிகளை அங்கேயே வைத்துவிட்டுத் தோள்பையோடு கிளம்பலாம். இதற்கு அநேகமாகக் காசு கேட்கமாட்டார்கள். பெட்டிக்கு டோக்கன் மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

சென்னையிலிருந்து கப்பலில் போகிறவர்களுக்கு: பயணம் மூன்று நாள் போல ஆகும், தேதி முன்பின்னாக நகரும். முன்பணம் திரும்பாத ரூமைக் கப்பல் பயணத்தோடு சேர்த்துப் போடவே கூடாது.

2. எந்தப் பகுதி

போர்ட் பிளேர் மேடும் பள்ளமுமான ஊர். வரைபடத்தில் 500 மீட்டர் என்று காட்டுவது, நேரில் மூச்சு வாங்கும் ஏற்றமாக இருக்கும். சத்துவாச்சாரியிலிருந்து பழைய பஸ் ஸ்டாண்டுக்குச் சமதரையில் நடந்து பழகிய காலுக்கு இது புதுசு. முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் கூட வந்தால், மெயின் ரோட்டிலிருந்து ஹோட்டல் வாசல் வரை வண்டி வருமா, வாசலில் எத்தனை படி என்பதைக் கேட்டுவிட்டே போடுங்கள்.

அபர்டீன் பஜார் ஊரின் நடு. மணிக்கூண்டு, கடை, மருந்துக்கடை, சாப்பாடு எல்லாம் கைக்கெட்டும் தூரம். செல்லுலார் சிறைக்கும் பக்கம். சத்தம் இருக்கும். முதல் தடவை போகிறவர்களுக்கு நான் சொல்வது இந்தப் பகுதியைத்தான். லம்பா லைன், ஜங்லிகாட் பக்கம் விமான நிலையத்துக்கு அருகில், கடைசி இரவுக்கு வசதி. ஹேடோ, ஃபீனிக்ஸ் பே படகுத்துறைப் பக்கம். காலை ஆறரைப் படகு என்றால் அங்கே தங்குவதில் அரை மணித் தூக்கம் மிச்சம். ஒன்றைக் கவனியுங்கள்: அரசுப் படகு ஃபீனிக்ஸ் பேயிலிருந்தும், தனியார் அதிவேகப் படகுகள் ஹேடோவிலிருந்தும் கிளம்பும். டிக்கெட்டில் எந்தத் துறை என்று பார்க்காமல் ஆட்டோவில் ஏறினால் மாறிப் போய் நிற்பீர்கள். கார்பின்ஸ் கோவ் பக்கம் கடல் தெரியும், ஆனால் இருட்டிய பிறகு சாப்பிட வெளியே வர ஒவ்வொரு தடவையும் ஆட்டோ பிடிக்க வேண்டும்.

"கடல் பார்த்த ரூம்" என்ற வார்த்தைக்கு ஏமாறாதீர்கள். பால்கனியின் ஓரத்தில் நின்று கழுத்தைத் திருப்பினால் இரண்டு கட்டடத்துக்கு நடுவே தெரியும் நீலக்கோடும் கடல் பார்த்த ரூம்தான். எந்த மாடி, எந்தப் பக்கம் என்று கேட்டு, அந்த ரூம் ஜன்னலிலிருந்து எடுத்த படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பத் தயங்கினால் விடை கிடைத்துவிட்டது.

3. பணம் கட்டுமுன் போன் போட்டுக் கேளுங்கள்

புக்கிங் தளத்தில் விலையைப் பாருங்கள், ஆனால் ஹோட்டலுக்கு ஒரு போன் போடாமல் பணம் கட்டாதீர்கள். அங்கே வங்காளி, இந்தி, தமிழ், தெலுங்கு எல்லாம் புழங்கும் ஊர். ரிசப்ஷனில் தமிழ் பேசுகிறவர் கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஆரம்பத்திலேயே தமிழில் பேசிப் பாருங்கள்.

போன் நம்பரைத் தேடுபொறியில் முதலில் வருவதிலிருந்து எடுக்க வேண்டாம். ஹோட்டல் பெயரில் போலிப் பக்கம் போட்டு முன்பணம் வாங்குவது இப்போது சகஜமான மோசடி. யு.பி.ஐ.யில் பணம் அனுப்புமுன் திரையில் வரும் பெயரைப் பாருங்கள். ஹோட்டல் பெயரோ நிறுவனப் பெயரோ வராமல் யாரோ ஒரு தனி ஆளின் பெயர் வந்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

கேட்க வேண்டியதில் முதலாவது நேரம். சாவி எத்தனை மணிக்கு, காலி செய்வது எத்தனை மணிக்கு? சென்னையிலிருந்து போகும் விமானங்களில் பல காலையிலேயே இறங்கிவிடும். எட்டரைக்கு நீங்கள் வாசலில் நிற்பீர்கள், ரூம் கையில் கிடைக்க பன்னிரண்டு ஆகும். "சீக்கிரம் தர முடியுமா, தந்தால் எவ்வளவு?" என்று கேளுங்கள். சிலர் ரூம் காலியாக இருந்தால் சும்மா தருவார்கள், சிலர் அரை நாள் வாடகை கேட்பார்கள். பார்க்கிறோம் என்று மழுப்பினால், அதை இல்லை என்றே எடுத்துக்கொண்டு பெட்டியை ரிசப்ஷனில் போட்டுவிட்டு ஊரைச் சுற்றத் தயாராகப் போங்கள். அதற்கு ஏற்ற மாற்றுத்துணி கைப்பையின் மேலேயே இருக்கட்டும்.

இரண்டாவது தண்ணீர். போர்ட் பிளேருக்குக் குடிநீர் முக்கியமாக தனிக்காரி அணையிலிருந்து வருகிறது. கோடையில், குறிப்பாக மார்ச் முதல் மழை பிடிக்கும் வரை, ஊரில் தண்ணீர் முறை வைத்து விடுவது உண்டு. ஹோட்டல்கள் லாரித் தண்ணீர் வாங்கிச் சமாளிக்கும். "24 மணி நேரமும் தண்ணீர் வருமா?" என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். "குழாயில் முறை வைத்து விடுகிறார்களா, உங்களுக்குச் சொந்தக் கிணறோ லாரியோ உண்டா?" என்று கேளுங்கள். பாலாற்று மணலைப் பார்த்து வளர்ந்த நமக்கு இந்தக் கேள்வியின் அருமை தெரியும்.

மூன்றாவது கரண்ட். தீவில் மின்சாரம் பெரும்பாலும் டீசலில் உற்பத்தியாகிறது, தடை வரும். ஜெனரேட்டர் இருக்கிறதா என்று மட்டும் கேட்டால் போதாது. ஜெனரேட்டரில் ஏ.சி. ஓடுமா, விளக்கும் மின்விசிறியும் மட்டுமா? நடுத்தர ஹோட்டல்களில் வித்தியாசம் தெரிவது இங்கேதான்.

பிறகு சில்லறை விஷயங்கள். குழந்தைக்கு எத்தனை வயது வரை இலவசம்? கூடுதல் படுக்கை என்றால் கட்டிலா, தரையில் மெத்தையா, எவ்வளவு? காலைச் சாப்பாடு வாடகையில் சேர்த்தியா? இதை இ.பி., சி.பி., எம்.ஏ.பி. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். இ.பி. வெறும் ரூம், சி.பி. காலைச் சாப்பாட்டோடு, எம்.ஏ.பி. காலையும் இன்னொரு வேளையும். அடுத்த கேள்வியைத்தான் யாரும் கேட்பதில்லை: காலைச் சாப்பாடு எத்தனை மணிக்குத் தொடங்கும்? ஏழரைக்குத் தொடங்கும் இடத்தில், ஆறரைப் படகுக்குப் போகிறவர் காசு கட்டிய இட்லியைக் கண்ணால்கூடப் பார்க்க முடியாது. முந்தின இரவு சொன்னால் பார்சல் கட்டித் தருவார்களா என்று இப்போதே கேட்டுவையுங்கள்.

பேசி முடித்ததும், ஒத்துக்கொண்டதை எல்லாம் ஒரே வாட்ஸ்அப் செய்தியாக எழுதி அவர்களுக்கே அனுப்பி, "சரி" என்று பதில் வாங்குங்கள். தேதி, ரூம் வகை, வரியோடு சேர்த்து மொத்தம், சாவி நேரம், காலி செய்யும் நேரம், ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும் என்ற ஆறும் அதில் இருக்கட்டும்.

4. வாடகையும் வரியும்

தளங்களில் பெரிய எழுத்தில் தெரிவது வரி சேராத விலை. 2025 செப்டம்பர் 22 முதல், ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள ரூமுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம். அதற்குமுன் 12 ஆக இருந்தது. 7,500ஐத் தாண்டினால் 18. ஒரு நாளைக்கு 3,800 வீதம் நாலு இரவு என்றால் 15,200, வரி 760, மொத்தம் 15,960. யாராவது பழைய பழக்கத்தில் 12 சதவீதம் போட்டு 1,824 வரி கேட்டால் பில்லைத் திருப்பிக் கொடுங்கள். தளத்தின் வழியாகப் போட்டால் அவர்களுடைய சேவைக் கட்டணம் தனியாக மேலே ஏறும். ஹோட்டலுக்கு போன் போடச் சொன்னதன் காரணம் அதுவும்தான், அதே ரூமின் விலையையும் கேட்டுப் பாருங்கள்.

பில்லில் வரி இரண்டாகப் பிரிந்திருக்கும்: சி.ஜி.எஸ்.டி. (மத்திய அரசின் பங்கு) 2.5, யு.டி.ஜி.எஸ்.டி. (யூனியன் பிரதேசத்தின் பங்கு) 2.5. அந்தமான் யூனியன் பிரதேசம் என்பதால், நம் ஊர் பில்லில் மாநிலப் பங்கான எஸ்.ஜி.எஸ்.டி. இருக்கும் இடத்தில் இது. கம்பெனி பெயரில் பில் வாங்குகிறவர்கள் கவனிக்க: இந்த 5 சதவீதத்தைத் தமிழ்நாட்டுப் பதிவெண்ணை வைத்து உள்ளீட்டு வரியாகக் கழிக்க முடியாது. கணக்கர் கேட்டால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ரெஸ்டாரன்ட் பில்லில் சேவைக் கட்டணம் என்று ஒரு வரி இருந்தால் அது கட்டாயமில்லை, எடுக்கச் சொல்லலாம். வரி வேறு, இது வேறு.

மத்திய அரசு ஊழியர்கள் எல்.டி.சி. என்ற விடுமுறைப் பயணச் சலுகையில் அந்தமான் போவது நம் பக்கம் அதிகம். எல்.டி.சி. பயணக் கட்டணத்துக்கு மட்டும்தான், ஹோட்டல் வாடகை அதில் வராது. விமான டிக்கெட்டை அனுமதிக்கப்பட்ட முகவர்கள் மூலமே எடுக்க வேண்டும். "டிக்கெட்டும் ரூமும் சேர்த்து ஒரே பேக்கேஜ்" என்று உள்ளூர் டிராவல்ஸ் தரும் ஒற்றை ரசீதை வைத்து பில் போட்டால் அலுவலகத்தில் திரும்பி வரும்.

5. காகிதங்கள்

இந்தியர்களுக்குப் போர்ட் பிளேர், ஹேவ்லாக், நீல் தீவுகளுக்குத் தனி அனுமதிச் சீட்டு தேவையில்லை. ஆனால் அடையாள அட்டை ஒவ்வொரு பெரியவருக்கும் வேண்டும், குடும்பத் தலைவருடையது மட்டும் போதாது. ஆதார், வாக்காளர் அட்டை, ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட் இதில் ஏதாவது ஒன்று. பான் கார்டில் முகவரி இல்லை, அதை ஏற்கமாட்டார்கள். குழந்தைகளுக்கு ஆதாரோ பிறப்புச் சான்றிதழோ.

தலைக்கு நாலு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். வேலூரில் கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஒரு ரூபாய்க்கும் இரண்டு ரூபாய்க்கும் எடுப்பதை அங்கே காலை ஐந்து மணிக்குத் தேடி அலைய வேண்டாம். ஹோட்டலுக்கு ஒன்று, பாராடாங் தீவுக்குப் போகிறவர்களுக்கு வழியிலுள்ள ஜிர்காடாங் சோதனைச்சாவடிப் படிவத்தோடு ஒன்று, மீதி கையிருப்பு. ஆதார் நகல் என்றால் முதல் எட்டு எண்ணை மறைத்த ஆதாரைப் பதிவிறக்கி அச்செடுங்கள். நகலின் மேல் "ஹோட்டலில் தங்க மட்டும்" என்று தேதியோடு எழுதிக் கொடுப்பது நல்ல வழக்கம்.

டிக்கெட்டிலும் அடையாள அட்டையிலும் பெயர் ஒத்துப்போக வேண்டும். நம் ஊரில் இனிஷியல் முன்னே ஒரு இடத்தில், பின்னே ஒரு இடத்தில், அப்பா பெயர் முழுசாக இன்னொரு இடத்தில் என்று கிடக்கும். ஆதாரில் இருப்பதை அப்படியே டிக்கெட்டில் போடுங்கள். ஹோட்டல் புக்கிங்கிலும் அதே பெயர்.

6. வேலூரிலிருந்து மீனம்பாக்கம்

போர்ட் பிளேர் விமானங்களில் பல விடியற்காலையில் கிளம்பும். காரில் வாலாஜா, காஞ்சிபுரம் புறவழி, ஸ்ரீபெரும்புதூர் வழியாக இரண்டரை முதல் மூன்று மணி நேரம். விமானம் காலை ஆறு என்றால், நாலு மணிக்குள் நிலையத்தில் இருக்க, இரவு பன்னிரண்டரைக்குள் வேலூரைத் தாண்டிவிடுங்கள். சாலை வேலை நடக்கும் இடங்களில் ராத்திரி லாரி நெரிசலுக்கு அரை மணி இந்தக் கணக்கிலேயே இருக்கிறது.

பகல் விமானம் என்றால் காட்பாடியிலிருந்து ரயிலில் சென்ட்ரல், அங்கேயே மெட்ரோ பிடித்தால் நேரே விமான நிலையம். பஸ்ஸில் கோயம்பேடு இறங்கினாலும் மெட்ரோ உண்டு, ஆலந்தூரில் மாற வேண்டியிருக்கலாம். விடியற்கால விமானத்துக்கு மெட்ரோ உதவாது, காலை ஐந்து மணிவாக்கில்தான் ஓடத் தொடங்கும். சென்னையில் உள்நாட்டு விமானங்கள் 1, 4 என இரண்டு முனையங்களிலிருந்து போகின்றன. டிக்கெட்டில் எது என்று பார்த்து டிரைவரிடம் சொல்லுங்கள்.

பெட்டி எடை சாதாரணமாகத் தலைக்கு 15 கிலோ, கைப்பை 7 கிலோ. கொப்பரைத் தேங்காய், சூடம், தீப்பெட்டி மூன்றையும் எடுத்துவிடுவார்கள். கோயிலுக்குப் போட்ட பை அப்படியே பெட்டிக்குள் கிடக்கிறதா என்று பாருங்கள். ஊறுகாயும் எண்ணெயும் கைப்பையில் வேண்டாம். அங்குள்ள சொந்தக்காரருக்கு ஆற்காடு மக்கன் பேடா கொண்டுபோகிறவர்கள் பாகை வடித்து, மூடி இறுகும் டப்பாவில் போட்டு, அதையும் ஒரு கவருக்குள் வையுங்கள். சர்க்கரைப் பாகில் ஊறிய பட்டுப்புடவையை எந்த ஹோட்டல் லாண்டரியாலும் காப்பாற்ற முடியாது.

7. இறங்கியதும்

பறக்கும் நேரம் இரண்டே கால் மணி போல. நாம் பழகிய செயலி டாக்சியை நம்பி அங்கே இறங்கக் கூடாது. ஆட்டோவில் மீட்டர் கிடையாது என்றே வைத்துக்கொண்டு, ஏறுமுன் பேசுங்கள். அபர்டீன் பஜாருக்கு நாலு கிலோமீட்டர் போலத்தான். ஹோட்டலில் வண்டி அனுப்புகிறோம் என்றால் இலவசமா, எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள். கேட்காமல் ஏறிய வண்டியின் கட்டணம் கடைசி நாள் பில்லில் தலைகாட்டும்.

ரிசப்ஷனில் "டூர் டெஸ்க்" உடனே உங்களைப் பிடிக்கும். பெட்டியைக்கூட இறக்காமல் மூன்று நாள் சுற்றுலாவுக்குப் பணம் கட்டாதீர்கள். பஜாரில் இன்னும் இரண்டு இடம் விசாரித்துவிட்டு வாருங்கள், விலை எங்கும் ஓடிப்போகாது.

8. ரூமில் முதல் பத்து நிமிடம்

பெட்டியைத் திறக்காதீர்கள், கட்டிலில் உட்காராதீர்கள். உட்கார்ந்த ரூமை மாற்றித் தரச் சங்கடப்படுவார்கள்.

கதவைத் திறந்ததும் மூக்குதான் முதல் சோதனை. பூசண வாடை அடித்தால் அலமாரியைத் திறந்து பாருங்கள், அதன் பின்பலகையில் சாம்பல் நிறப் புள்ளிகள் இருக்கும். வாசனை அடித்துவிடுகிறோம் என்பார்கள். வேண்டாம், வேறு ரூம் கேளுங்கள். ஏ.சி.யைப் போட்டு, குளியலறைக் குழாயையும் ஷவரையும் ஒன்றாகத் திறந்து அழுத்தம் பாருங்கள். கழிவு நீர் வடிகிறதா, தேங்குகிறதா? கீஸர் சிவப்பு விளக்கு எரிகிறதா? ஜன்னல் கொக்கி துருப்பிடித்து மூடாமல் நிற்கும். உப்புக்காற்று ஊரில் இது சகஜம், கொசு வருவதும் அந்த வழிதான். படுக்கை விரிப்பை ஒரு ஓரம் தூக்கி, மெத்தையின் தையலில் மூட்டைப்பூச்சி இருக்கிறதா என்று பாருங்கள். துண்டு எத்தனை என்று எண்ணுங்கள். ஏற்கெனவே உள்ள கறை, கீறல், உடைந்த கைப்பிடியைப் போனில் படமெடுத்து வையுங்கள்.

அட்டைச் சாவி உள்ள ரூமில், சுவரில் அட்டையைச் செருகினால்தான் கரண்ட் வரும். வெளியே போகும்போது உருவினால் சார்ஜில் போட்ட போனும் நின்றுவிடும். இரண்டாவது அட்டை ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டால் பிரச்சினை இல்லை. ஓட்டுநர் உரிமத்தைச் செருகி ஏமாற்றுவது சில இடத்தில் நடக்கும், ஆனால் உரிமத்தை மறந்துவிட்டுப் படகுத்துறையில் நிற்பதும் அப்படித்தான் நடக்கிறது.

9. ஈரக்காற்று

வேலூர் வெயில் காய்ந்த வெயில். காலையில் கொடியில் போட்ட வேட்டி பத்து மணிக்கு மொறமொறவென்று இருக்கும். அங்கே இரண்டு நாளானாலும் இடுப்புப் பட்டை ஈரம் போகாது. ஜீன்ஸ் வேண்டாம். மெல்லிய துணி, வழக்கத்தைவிடத் தலைக்கு இரண்டு செட் கூடுதலாக, மூன்று மீட்டர் நைலான் கயிறு, பத்து கிளிப். பால்கனியில் போட்டுவிட்டு வெளியே போனால் மழை நனைத்துவிடும். ரூமுக்குள் மின்விசிறிக்குக் கீழே போடுங்கள்.

ஏ.சி. விஷயம் இதோடு சேர்ந்தது. சுகமாக இருக்கட்டும் என்று 18இல் வைத்து, காற்றும் வரட்டும் என்று பால்கனிக் கதவையும் திறந்து வைப்பார்கள். அரை மணியில் கண்ணாடியில் வேர்வை வழியும், டைல்ஸ் வழுக்கும், ஏ.சி.யின் வடிகுழாய் தாங்காமல் சுவரோரம் சொட்டத் தொடங்கும். அப்புறம் "ஏ.சி. ஒழுகுகிறது" என்று புகார். கதவை அடைத்து 25, 26இல் வையுங்கள். ரிமோட்டில் நீர்த்துளிப் படம் போட்ட முறை இருந்தால் முதல் ஒரு மணி நேரம் அதில் ஓட்டுங்கள், ஈரத்தை இழுத்துவிடும். கேமராவைக் குளிர்ந்த ரூமிலிருந்து எடுத்ததும் வெளியே திறந்தால் லென்ஸ் மூடுபனியாகிவிடும். பைக்குள்ளேயே இருபது நிமிடம் இருந்து சூடேறட்டும்.

கடலிலிருந்து வந்ததும் வாசல் குழாயில் காலைக் கழுவுங்கள். குளியலறை வடிகாலை மணல் அடைத்தால் அன்று இரவு உங்களுக்குத்தான் கஷ்டம். ரூம் துண்டைக் கடற்கரைக்கு எடுத்துப் போகக் கூடாது. மஞ்சள், நல்லெண்ணெய், மருதாணி மூன்றும் வெள்ளை விரிப்பில் பட்டால் பில்லில் ஏறும். எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறவர்கள் வீட்டிலிருந்து பழைய துண்டு ஒன்று கொண்டுபோங்கள். இண்டக்‌ஷன் அடுப்பை மட்டும் கொண்டுபோகாதீர்கள். ஏ.சி.யும் கீஸரும் ஓடும்போது அதைச் செருகினால் டிரிப் ஆகி, அந்தத் தளமே இருட்டில் உட்கார்ந்து உங்கள் ரூம் கதவைத்தான் தட்டும்.

10. விடியலும் சாப்பாடும்

கடிகாரம் நம்முடையதேதான், சூரியன் வேறு. வேலூருக்கும் போர்ட் பிளேருக்கும் தீர்க்கரேகையில் கிட்டத்தட்ட பதிமூன்றரை பாகை தூரம், அதாவது ஐம்பது நிமிடத்துக்கு மேல் முன்னாடியே விடியும், முன்னாடியே இருட்டும். டிசம்பரில் மாலை ஐந்துக்கே சூரியன் மறைந்துவிடும். மதியம் தூங்கி எழுந்து நாலரைக்குக் கடற்கரை பார்க்கக் கிளம்புகிறவர்களுக்கு இருட்டுதான் கிடைக்கும். பகலில் தடித்த திரைச்சீலை வேண்டாம் என்று நினைப்பீர்கள். காலை ஐந்தரை வெளிச்சம் முகத்தில் அடிக்கும்போது அதன் அருமை தெரியும்.

சாப்பாட்டுக்குக் கவலையில்லை, இட்லி தோசை பஜாரில் கிடைக்கும். காய்கறியில் ஒரு பகுதி கப்பலேறி வருவதால் சைவச் சாப்பாட்டின் விலை உங்களைத் திகைக்க வைக்கலாம். மீன் மலிவென்று தோன்றும். மெனுவில் பாதி "இன்று இல்லை" என்றால் சமையல்காரரைத் திட்ட வேண்டாம். ரூமுக்குக் கொண்டுவரும் சாப்பாட்டுக்குச் சில இடத்தில் தனிக் கட்டணம் உண்டு. குடிநீருக்கு ஒவ்வொரு மாடியிலும் ஆர்.ஓ. இயந்திரம் இருக்கிறதா என்று கேட்டு ஸ்டீல் பாட்டிலில் பிடித்துக்கொள்ளுங்கள்.

இணையம் 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் வந்த பிறகு போர்ட் பிளேரில் நன்றாகவே இருக்கிறது, யு.பி.ஐ. ஓடும். ஹேவ்லாக், நீல் போகுமுன் ரொக்கம் எடுத்துவையுங்கள்.

11. காலி செய்யும் நாள்

பில்லை முந்தின இரவு எட்டு மணிக்கே அச்செடுக்கச் சொல்லிப் பாருங்கள். காலை ஐந்து மணிக்கு, வாசலில் ஆட்டோ நிற்க, குழந்தை தூங்கி வழிய, யாரும் பில்லில் வரி வரியாகப் படிப்பதில்லை. தப்பு நுழைவது அந்த நேரத்தில்தான். நீங்கள் கட்டிய முன்பணம் கழித்திருக்கிறதா, லாண்டரி உருப்படி எண்ணிக்கை சரியா, தொடாத குளிர்பானம் ஏறியிருக்கிறதா, வரி 5 சதவீதமா என்று பாருங்கள். டெபாசிட் கார்டில் பிடித்துவைத்திருந்தால் அதை விடுவித்த ரசீதை வாங்குங்கள். பார்சல் டிபன் சொன்னீர்களே, அது சமையலறைக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

மதிய விமானம் என்றால், எட்டு மணிக்குக் காலி செய்துவிட்டு பெட்டியை ரிசப்ஷனில் விடலாம். குளிக்க ஒரு பொது அறை தருவார்களா என்று கேளுங்கள், பல இடங்களில் உண்டு.

கடைசியாகப் பெட்டியை மூடுமுன் குழந்தைகளின் கால்சட்டைப் பைகளைத் தடவிப் பாருங்கள். கடற்கரையில் பொறுக்கிய சிப்பி, பவளத்துண்டு எதுவும் தீவைவிட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது, பவளம் வனவிலங்குச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்டது. செத்த துண்டு என்றாலும் விமான நிலைய ஸ்கேனரில் தெரியும், பெட்டியைத் திறக்கச் சொல்வார்கள். சிப்பிப் பொருள் வேண்டுமென்றால் உரிமம் பெற்ற கடையில் வாங்கி, பில்லைப் பெட்டிக்குள் போடாமல் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.